வடக்கு ஜன்னலில் வல்லரசு

பதினான்கு வருடமாக நான் ராஜபாளையத்து மக்களை வெள்ளையாக்கிக்கொண்டிருக்கிறேன். காதுகுத்து, சடங்கு, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எதுவானாலும் எங்கள் ஃபிளெக்ஸ் கடைக்கு வருகிறவர்கள் போட்டோவைக் கொடுத்துவிட்டுச் சொல்வது ஒன்றுதான்: "கொஞ்சம் கலர ஏத்தி விடுங்க தம்பி." ஏற்றி விடுவேன். மூக்கைக் குறைப்பேன், தொந்தியை உள்ளே தள்ளுவேன், வழுக்கையில் முடி நடுவேன். செத்துப்போனவரைக்கூடப் பத்து வயது குறைத்துத்தான் வழியனுப்பி வைப்போம். ஒரு மாப்பிள்ளை தன் கல்யாண பேனருக்குக் கீழேயே நின்றுகொண்டு, "இதுல மாப்ள யாருண்ணே?" என்று என்னிடமே கேட்டான். அன்றைக்கே இந்த வேலையை விட்டுவிடுவது என்று முடிவெடுத்தேன். முடிவெடுத்து ஆறு வருடமாகிறது.

இந்தத் தீபாவளி முடிந்ததும் ஒரு வழி திறந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர் வேலை காலி. நான் ஃபிளெக்ஸ் சாம்பிள்களை எல்லாம் ஒரு ஃபைலில் அடுக்கிக்கொண்டு போனேன். பிரின்சிபால் பரிபூரணம் மேடம் கும்பகோணத்தில் ஓவியம் படித்தவர். ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு ஃபைலை மூடினார்.

"எல்லாம் அழகா இருக்கு இருளப்பசாமி. ஒண்ணுகூட நிஜமா இல்லையே."

எனக்கு முகம் சுண்டிப்போய்விட்டது. அவரே ஒரு பரீட்சை வைத்தார்.

"பிளாஸ்டர் முகம் ஒண்ணு சம்பாதிங்க. வடக்கு ஜன்னல் ஓரமா வைங்க, அந்த வெளிச்சம்தான் இப்ப நாள் முழுக்க ஒரே மாதிரி இருக்கும். மழை மூட்டமா இருந்தா தலைக்குப் பக்கத்துல ஒரே ஒரு விளக்கு போதும். பின்னால ஒரு வெள்ளைத் துணி. வச்சத முடியுற வரைக்கும் அசைக்கக் கூடாது. மூணு வாரம், அந்த ஒரு முகத்த மட்டும் கரியில வரைங்க. கண்ணுக்குத் தெரியுறது மட்டும்தான் தாள்ல வரணும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அத எடுத்துட்டு வாங்க, வேலையப் பத்திப் பேசுவோம்."

எனக்கு அந்த வேலை வேண்டும். எங்கள் வீட்டில், அதாவது என் மனைவி நாகஜோதியின் வீட்டில், யாரைத் தொட்டாலும் யூனிஃபார்ம். மாமா சமுத்திரம் ரிட்டயர்டு ஏட்டு. மச்சினன் வல்லரசு பட்டாளத்தில் இருக்கிறான். சித்தப்பா, பெரியப்பா வகையறாவில் ஒரு ஸ்டேஷனையே நடத்தலாம். வீட்டோடு மாப்பிள்ளையாக வந்த நான் மட்டும் "ஃபிளெக்ஸ்காரர்". ஒரு பிள்ளையாவது என்னைத் தெருவில் பார்த்து, "குட் மார்னிங் சார்" என்று சொல்லிவிட வேண்டும். ஆசை அவ்வளவுதான்.

ராஜபாளையத்தில் பஞ்சு கிடைக்கும், மாம்பழம் கிடைக்கும், நாய்கூடக் கிடைக்கும். பிளாஸ்டர் முகம் கிடைக்காது. நாமே செய்துவிடுவோம் என்று, ஃபால்ஸ் சீலிங் போடும் என் சிநேகிதன் கௌதம்ராஜிடம் ஒரு மூட்டை பிளாஸ்டர் வாங்கி வந்தேன். முகத்துக்கு ஆள் வேண்டுமே. தீபாவளி லீவில் வந்து, கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு, கட்டிலில் மல்லாந்து கிடந்தான் வல்லரசு.

"மாப்ள, அரை மணி நேரம் அசையாமப் படுத்துக் கிடக்கணும், முடியுமா?"

"அதுக்குத்தான மச்சான் லீவே போட்டு வந்திருக்கேன்."

மொட்டை மாடியில் அவனைப் படுக்க வைத்து, மூக்கில் இரண்டு ஸ்ட்ராவைச் சொருகி, முகமெல்லாம் வாசலின் தடவினேன். மீசைக்கு வந்ததும் என் கையைத் தட்டிவிட்டான். காலையில்தான் முறுக்கி நிறுத்தியிருந்தானாம். அதில் எண்ணெய்ப் பசை பட்டால் படுத்துவிடுமாம். முறைப்படி பார்த்தால் அங்கேதான் அதிகமாகத் தடவ வேண்டும். மீசை விஷயத்தில் எங்கள் ஆட்களிடம் வாதாட முடியாது, விட்டுவிட்டேன். கண்ணை மூடச் சொல்லி, பிளாஸ்டரைக் குழைத்து அப்பினேன்.

அந்த நேரம் பார்த்து அத்தை குருவம்மாள் வடகம் எடுக்க மாடிக்கு ஏறி வந்தார்கள். வெள்ளை வெளேரென்ற முகம், மூக்கில் குழாய், ஆடாமல் அசையாமல் கிடக்கும் மகன். வடகத் தட்டு ஒரு பக்கம் போனது, அத்தை ஒரு பக்கம் உட்கார்ந்துவிட்டார்கள்.

"அடப்பாவி மருமகனே! எம்புள்ளைய என்ன செஞ்சீக?"

வல்லரசு பேச முடியாமல் ஒரு கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான். அதைப் பார்த்த பிறகுதான் அத்தைக்கு மூச்சு வந்தது.

அடுத்த சத்தம் வல்லரசுடையது. இறுகிய பிளாஸ்டரை நான் இழுத்தபோது அவன் போட்ட கூச்சல் அடுத்த தெரு வரைக்கும் கேட்டது. முகம் பதிந்த ஓடு வந்தது, கூடவே இடது பக்க மீசையும் வந்தது. கண்ணாடியைப் பார்த்தவன், "எல்லையில நின்னு காப்பாத்தின மீச மச்சான்! சொந்த வீட்டு மாடியில போச்சே!" என்று அழாத குறையாகச் சொன்னான். வலது மீசையையும் சிரைத்துவிட்டு, இரண்டு நாளில் டூட்டிக்குக் கிளம்பினான். ரயிலேறும்வரை என்னோடு அவன் பேசவில்லை.

அந்த ஓட்டுக்குள் புதுப் பிளாஸ்டரை ஊற்றி, இறுகியதும் ஓட்டை உடைத்து எடுத்தேன். அச்சு அசல் வல்லரசு. மூடிய கண், அகன்ற நெற்றி, அழுத்தமான வாய். ஒரே குறை, ஓட்டில் ஒட்டியிருந்த மீசை மயிர் அத்தனையும் இதில் பதிந்துவிட்டது. இடது பக்கம் கன்னங்கரேலென்று நிஜ மீசை, வலது பக்கம் சுண்ணாம்பு மேடு.

மேடம் சொன்ன மாதிரியே நடு அறையின் வடக்கு ஜன்னல் ஓரமாக வல்லரசுவை ஒரு தலையணையில் சாய்த்து வைத்தேன். பின்னால் மாமாவின் வெள்ளை வேட்டி. வெளியே ஐப்பசி அடைமழை, அதனால் தலைமாட்டில் ஒற்றை விளக்கு. தூக்குக்குண்டு ஒன்றை எதிர்வீட்டுக் கொத்தனாரிடம் இரவல் வாங்கினேன், மூக்கு நேராக நிற்கிறதா என்று நூல் பிடித்துப் பார்க்க. கரியை ஆன்லைனில் வரவழைத்தேன். பொட்டலத்தைப் பிரித்த மாமா, ஒரு குச்சியை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"மாப்ள, தெருமுனையில இஸ்திரிக்காரன் வண்டியில இல்லாத கரியா?"

"இது வேற மாமா. படம் வரையுற கரி."

"அம்புட்டும் கரிதானய்யா."

நான் பலகையில் தாளைக் குத்திக்கொண்டு நின்றேன். அத்தை அடுப்படி வாசலில் நின்று அந்த ஜோடனையை ஒருமுறை முழுசாகப் பார்த்தார்கள். வடக்கே தலை. தலைமாட்டில் ஒற்றை விளக்கு. வெள்ளைத் துணி. மூடிய கண். திரும்பி உள்ளே போனார்கள். அன்றைக்கு ரசத்தில் உப்பே இல்லை. நான்தான் மடையன், மறந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

கரியில் வரைவது என்றால் உட்கார்ந்து வரைவது அல்ல. முகத்தைப் பார்க்க வேண்டும், பத்து எட்டு பின்னால் போக வேண்டும், ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு திரும்பவும் பார்க்க வேண்டும், ஓடிவந்து ஒரு கோடு போட வேண்டும். எங்கள் வீட்டில் பத்து எட்டு பின்னால் போனால் வாசல் வந்துவிடும். நான் வாசலில் நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டிருப்பதைத் தெருவில் போகிறவர்கள் பார்த்துவிட்டு நாகஜோதியிடம் நலம் விசாரித்தார்கள். எனக்குக் கண் ஆபரேஷன் என்று பேச்சு. அழிப்பதற்கு உள்ளங்கையில் உருட்டுகிற ரப்பர் ஒன்று இருக்கிறது. அதை நாகஜோதி மிச்சம் போன சப்பாத்தி மாவு என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிட்டாள். வேட்டி, சட்டை, சுவிட்ச், பால் சொம்பு, தொட்ட இடமெல்லாம் கரி. தேவையில்லாமல் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன்.

ஒரு வாரம் கழித்துப் படத்தைச் சுருட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனேன். பரிபூரணம் மேடம் பார்த்தார்.

"மீசை ரெண்டு பக்கமும் இவ்வளவு கறுப்பா?"

"இல்ல மேடம். ஒரு பக்கம்தான்."

"இன்னொரு பக்கம்?"

"அது... நான் போட்டுக் குடுத்தது."

"இந்தச் சிரிப்பு?"

"அதுவும் நான்தான் மேடம்."

"முகத்துல உங்க மச்சினன் எந்த இடத்துல இருக்காரு, காட்டுங்க."

எனக்கே தெரியவில்லை. தாளில் இருந்தவன் ஏதோ ஒரு கல்யாண பேனர் மாப்பிள்ளை. "இன்னும் ரெண்டு வாரம் இருக்கு," என்றார் மேடம். பஸ்ஸில் திரும்பி வரும்போது நானே என் கையை முறைத்துப் பார்த்துக்கொண்டு வந்தேன். மூளை ஒன்று சொன்னால் கை தானாகக் கலரை ஏற்றிவிடுகிறது. பதினான்கு வருடத்துப் பழக்கம்.

புதுத் தாள் போட்டேன். இந்த முறை, தெரிந்தது எதையும் போடுவதில்லை, தெரிகிறதை மட்டும் போடுவது. கேட்கத்தான் சுலபம். ஒரு கன்னத்து நிழலுக்கு இரண்டு நாள் போனது. மூன்றாவது நாள் வலது புருவத்துக்குக் கீழே ஒரு சின்ன வெட்டுத் தழும்பு தெரிந்தது. பத்து வருடம் பழகிய மச்சினன், அந்தத் தழும்பை நான் பார்த்ததே இல்லை. "அய்யனார் கோவில் அருவியில வழுக்கி விழுந்தான், அப்ப அஞ்சாப்பு படிச்சான்," என்றாள் நாகஜோதி. பிறகு கன்னத்தின் குழி தெரிந்தது. போட்டோவில் உருண்டு திரண்டிருப்பவன், இங்கே ஒட்டிப்போயிருந்தான். அதை அப்படியே தாளில் இறக்கினேன்.

அத்தை கையைத் துடைத்துக்கொண்டு வந்து படத்தைப் பார்த்தார்கள்.

"பாத்தீகளா? எளைச்சிட்டான்னு வந்த அன்னைக்கே சொன்னேன். ஒருத்தரும் நம்பல. கரி சொல்லுது பாருங்க."

அன்றிலிருந்து கரிக்குத் தனி மரியாதை வந்தது. ஆனால் முகத்தின் பக்கம் மட்டும் அத்தை பார்ப்பதே இல்லை. அந்த அறையைக் கடக்கும்போது தலையைத் திருப்பிக்கொண்டு போவார்கள்.

வல்லரசு தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குப் போன் பண்ணுவான். மீசை எம்புட்டு வளர்ந்திருக்கிறது என்று முதலில் எனக்குக் கணக்குச் சொல்லிவிட்டுத்தான் அத்தையிடம் பேசுவான், இரண்டு நிமிடம், சாப்பிட்டியா, சாப்பிட்டேன், அவ்வளவுதான். மூன்றாவது வாரம் வியாழக்கிழமை போன் வரவில்லை. வெள்ளியும் இல்லை, சனியும் இல்லை. நாங்கள் கூப்பிட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் ஹிந்தியில் சொன்னாள்.

"போஸ்ட்டு மாத்தியிருப்பான். மலை மேல சிக்னல் கெடைக்காது. இதெல்லாம் சகஜம்," என்றார் மாமா. சகஜம் என்று சொன்ன மனிதர், போனை மடியிலேயே வைத்துக்கொண்டு சாப்பிட்டார்.

திங்கட்கிழமை படத்தைக் கொடுத்தாக வேண்டும். எல்லாம் முடிந்து கண்கள் மட்டும் மிச்சம். மூடிய இமை வரைவது இருப்பதிலேயே கஷ்டம் என்று கடைசிக்கு வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை குளித்துவிட்டு, கரியைச் சீவிக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

வல்லரசு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூடிய இமைகளின் மேல் கண்மையால் இரண்டு கண் எழுதப்பட்டிருந்தது. வலது கண் பெரிசு. இடது கண் மூக்குப் பக்கமாக நழுவியிருந்தது. இடதில் மை இழுபட்டுக் கன்னம் வரைக்கும் ஒரு கோடு. எங்கள் பக்கம் சாமிக்குச் சிலை செய்தால் கடைசியாகக் கண் திறப்பார்கள். அந்த வேலையை இங்கே யார் பார்த்திருப்பார்கள் என்று கேட்கவே வேண்டாம், அத்தையின் விரல் நுனி கறுத்திருந்தது.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "மூணு வாரம்! மூணு வாரமா நாயாப் பாடுபட்டிருக்கேன் அத்த! நாளைக்குக் குடுக்கணும்! என் பொழப்பு இது!" என்று கத்திக்கொண்டே அடுப்படியில் போய் ஒரு துணியைத் தேங்காய் எண்ணெயில் நனைத்துக்கொண்டு வந்தேன். இரண்டு இழுப்பு இழுத்தால் மை போய்விடும்.

அத்தை வந்து அந்த முகத்தை மறைத்துக்கொண்டு நின்றார்கள்.

"தொடச்சிராதீக மருமகனே. அவன் முடி இருக்கு அதுல. வடக்க தலைய வச்சு, தலைமாட்டுல ஒத்த விளக்க ஏத்தி, வெள்ளத் துணியக் கட்டி, கண்ண மூடி வச்சிருக்கீக. ஒங்க படிப்புக்குன்னு நானும் வாயத் தொறக்கல. எம்புட்டு நாள்தான் பொறுப்பேன்? மூணு நாளா அவன் பேசல. அவன் பேசுற வரைக்கும் அந்தக் கண்ணு மூடக் கூடாது."

உப்பில்லாத ரசம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஓவியக்காரனுக்கு எதெல்லாம் நல்ல வெளிச்சமோ, அதெல்லாம் அந்த அம்மாளுக்கு இழவு வீடு. மூன்று வாரமாக நான் ஒருவனுடைய முகத்தை மட்டும் பார்த்திருக்கிறேன், பக்கத்தில் நின்ற முகத்தைப் பார்க்கவே இல்லை. வெட்கமாக இருந்தது.

மாமா வாசலில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாகஜோதி, "ஒங்க இஷ்டங்க," என்றாள். அவள் அப்படிச் சொன்னால் அது என் இஷ்டம் இல்லை என்று அர்த்தம்.

துடைக்க வேண்டாம், மை இல்லாத மாதிரி நினைத்துக்கொண்டு மூடிய இமையைப் போட்டுவிடலாம். என் கைக்கு அது பத்து நிமிட வேலை. பதினான்கு வருடமாக இருப்பதை எடுத்துவிட்டு இல்லாததைப் போட்டவனுக்கு இதுவா கஷ்டம்? கரி தாளுக்குப் பக்கத்தில் போய்விட்டது. ஆனால் கண்ணுக்குத் தெரிகிறது மட்டும் என்று மேடம் சொல்லியிருந்தார். என் கண்ணுக்கு இப்போது தெரிவது அந்த மை. அதற்கு அந்தப் பக்கம் அத்தை.

எண்ணெய்த் துணியைக் கீழே போட்டேன். "தள்ளி நில்லுங்க அத்த, வெளிச்சம் மறைக்குது," என்றேன். சாயங்காலம் வரைக்கும் வரைந்தேன். இமையின் மேட்டை வரைந்தேன், அதன் மேல் மை ஏறி இறங்குவதை வரைந்தேன், நழுவின இடது கண்ணை நழுவினபடியே வரைந்தேன், கன்னத்துக் கோட்டையும் விடவில்லை. வேலை போச்சு என்று தெரிந்தே வரைந்ததால் கை நடுங்கவே இல்லை. அன்றைக்கும் போன் வரவில்லை.

திங்கட்கிழமை பரிபூரணம் மேடம் படத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் பின்னால் போனார். அவர் அறை பெரிசு, பத்து எட்டும் உள்ளேயே கிடைத்தது. ஒரு கண்ணை இடுக்கினார். பிறகு கிட்டே வந்தார்.

"கண்ணு முழிச்சிருக்கா, மூடியிருக்கா?"

"மூடித்தான் மேடம் இருக்கு. மேல மை..."

"அது தெரியுது. மூடின இமை மேல யாரோ எழுதியிருக்காங்கன்னு பார்த்ததும் தெரியுது. எழுதின கை நடுங்கியிருக்குன்னுகூடத் தெரியுது." திரும்பி என்னைப் பார்த்தார். "யார் கை?"

"எங்க அத்தை மேடம். மச்சினனோட அம்மா." எல்லாவற்றையும் சொன்னேன். தேவையில்லாமல் ரசத்தைப் பற்றியும் சொன்னேன்.

மேடம் கன்னத்துக் கோட்டை இன்னொரு முறை குனிந்து பார்த்தார்.

"பேசிட்டாரா?"

"இன்னும் இல்ல மேடம்."

"ஜனவரியில வந்து சேந்துக்குங்க இருளப்பசாமி சார். இப்ப வீட்டுக்குப் போங்க."

சார் என்று முதலில் சொன்னது அவர்தான். அதைச் சந்தோஷமாக அனுபவிக்க முடியாமல், கால் கிலோ பால்கோவாவை வாங்கிக்கொண்டு பஸ் பிடித்தேன். ஜன்னலோர சீட்டில் மூன்று தடவை போனை எடுத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. மீசையைப் பிடுங்கிய பாவம் எல்லாம் நினைவுக்கு வந்தது.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே எண்ணெய் வாசனை. நடு அறைக்குள் நுழைந்தால் விளக்கு அணைந்திருந்தது. வெள்ளை வேட்டியைக் காணோம், அது மாமாவின் இடுப்பில் இருந்தது. வல்லரசுவின் முகம் அறையின் தெற்குப் பக்கம், மடித்த போர்வையின் மேல் இருந்தது. இமைகள் சுத்தமாகத் துடைத்துத் தேங்காய் எண்ணெயில் மின்னின. கண் மூடியிருந்தது. பக்கத்தில் அத்தை தரையில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"அத்த! பேசிட்டானா?" என்று கத்தினேன்.

அத்தை உதட்டில் விரலை வைத்தார்கள்.

"மெதுவாப் பேசுங்க மருமகனே. இப்பத்தான் பேசினான். புது எடமாம், மூணு நாளாத் தூக்கமே இல்லையாம். செத்த நேரம் தூங்கட்டும்."

நாகஜோதி ஓடிவந்து, வேலை என்ன ஆச்சு என்று கையை ஆட்டிக் கேட்டாள். மாமா நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தார். ஆறு வருடம் காத்திருந்த சேதியை, பால்கோவாவைக் கையில் வைத்துக்கொண்டு, மூன்று பேருக்கும் நான் கிசுகிசுவென்றுதான் சொன்னேன்.